துப்பறிவாளர் ஆகணும், அதுவும் ஊர் பேசுற அளவுக்கு: இதுக்கு வழி இருக்கா?

கரிசல்மழை:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் கோவில்பட்டி பக்கம். பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். சின்ன வயசுல இருந்து மனசுல ஒரே ஆசை, துப்பறிவாளர் ஆகணும். ஏதோ ஒரு வேலைன்னு இல்ல, "அந்தக் கேஸா? அதை அவங்கதான் கண்டுபிடிச்சாங்க"ன்னு நாலு பேர் சொல்ற மாதிரி ஆகணும். பஸ்ல எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க செருப்பு, கைக்கடிகாரம், பையில ஒட்டியிருக்கிற சீட்டு எல்லாத்தையும் பார்த்து, இவங்க எங்க வேலை பார்ப்பாங்க, எந்த ஸ்டாப்ல இறங்குவாங்கன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே வருவேன்.

வீட்டுல அப்பா பி.எட். சேரச் சொல்றாங்க. "பொம்பளப் புள்ள அடுத்தவன் பின்னாடி அலையுறதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு சித்தப்பா கேட்கிறாங்க. நான் கேட்கிறது இதுதான். போலீஸ்ல சேரணுமா, தனியார் ஏஜென்சிக்குப் போகணுமா? பொண்ணுங்களை எடுப்பாங்களா? இந்த வேலையில நிஜமாவே பேர் வாங்க முடியுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகறை:
உங்க சித்தப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கு, தங்கச்சி. 1856ல சிகாகோவுல ஆலன் பிங்கர்டன் நடத்தின துப்பறியும் நிறுவனத்துக்குக் கேட் வார்ன்னு ஒரு பெண் வந்தாங்க. எழுத்தர் வேலைக்கு வந்திருக்காங்கன்னு பிங்கர்டன் நினைச்சார். "இல்ல, துப்பறிய வந்திருக்கேன். ஆம்பளைங்க நுழைய முடியாத இடத்துக்குப் பெண் போக முடியும். குற்றவாளி வீட்டுப் பெண்கள் எங்களை நம்பிப் பேசுவாங்க"ன்னு வாதாடி வேலையை வாங்கினாங்க. 1861ல லிங்கன் பதவியேற்கப் போற வழியில பால்டிமோர்ல அவரைக் கொல்லத் திட்டம்னு தகவல் வந்தப்ப, அவரை நோயாளி மாதிரி ரயில்ல ஏத்தி, அவர் தங்கச்சி மாதிரி கூடவே போனது கேட் வார்ன்தான்.

அந்த நிறுவனத்தோட சின்னம் ஒரு திறந்த கண். கீழ "நாங்கள் உறங்குவதில்லை"ன்னு வாசகம். அதனால பெண்ணால முடியுமாங்கிற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டுலயே பதில் வந்தாச்சு. தைரியமா இறங்குங்க.

ரிட்டயர்டு ரைட்டர்:
தங்கச்சின்னு கூப்பிடுற வயசை நான் தாண்டியாச்சு, பாப்பான்னே சொல்றேன். தென் மாவட்டத்துல போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரா, அதாவது கேஸ் பதிவெல்லாம் எழுதுறவனா, காலம் தள்ளினவன். கதையில வர்ற துப்பறிவாளர் தனியா வந்து, தனியா பார்த்து, தனியா பிடிப்பார். நிஜத்துல ஒரு கொலைக் கேஸை ஒரே ஆள் கண்டுபிடிச்சதா நான் பார்த்ததே இல்ல.

சம்பவ இடத்துக்கு இன்ஸ்பெக்டர் போவார். விரல்ரேகைப் பிரிவு, போட்டோகிராபர், மோப்ப நாய், தடயவியல் ஆள் எல்லாரும் வருவாங்க. கிராம நிர்வாக அலுவலரையும் தலையாரியையும் சாட்சியா வச்சு, அங்க பார்த்ததைப் பதிவு பண்ற பார்வை மகஜர் எழுதணும், மாதிரி வரைபடம் போடணும். ரத்தக்கறை படிஞ்ச மண்ணை ஒரு டப்பாவுல எடுப்போம். பக்கத்துலயே கறை படாத சாதா மண்ணை இன்னொரு டப்பாவுல எடுப்போம். ஆய்வுக்கூடத்துல ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்ல, அதுக்கு. ரத்தம் தோய்ஞ்ச சட்டையை ஈரத்தோட பிளாஸ்டிக் பையில போட்டா அழுகிப்போயி சோதனைக்கு உதவாது. நிழல்ல காயவச்சு காகிதத்துல மடிக்கணும். சீட்டு ஒட்டி, சாட்சிங்க கையெழுத்து வாங்கி, அரக்கு முத்திரை வச்சு, படிவம் 95ல ஏத்தி கோர்ட்டுக்கு அனுப்பணும். இதுல ஒரு தேதி முன்னப்பின்ன ஆனாலும் குறுக்கு விசாரணையில வக்கீல் பிடிச்சுக்குவார். யார் செஞ்சான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும், ஆனா கேஸ் நிக்காது.

நம்ம பக்கத்துக் கேஸ் ஒண்ணு சொல்றேன். 1952ல ரயில்ல வந்த ஒரு டிரங்குப் பெட்டியில நாத்தம் வருதுன்னு மானாமதுரையில இறக்கித் திறந்தாங்க. உள்ள தலையில்லாத உடம்பு. ஆளவந்தார் கொலை வழக்குன்னு நாடே பேசுச்சு. உடம்பை முதல்ல பார்த்த டாக்டர் செத்தவன் இளவட்டம்னு கணிச்சார். தலை ராயபுரம் கடற்கரையில கிடைச்சது. சென்னை மருத்துவக் கல்லூரியில தலையையும் உடம்பையும் சேர்த்து ஆராய்ஞ்சப்பதான் நாற்பது தாண்டின ஆள்னு தெரிஞ்சது. பெட்டி எந்த ஸ்டேஷன்ல ஏறிச்சுன்னு பார்த்தது ஒருத்தர், காணாமப் போனவர் புகாரை விசாரிச்சது ஒருத்தர், எலும்பையும் பல்லையும் பார்த்தது இன்னொருத்தர். இன்னைக்கும் அந்தக் கேஸைச் சொன்னா செத்தவர் பேரும் கொன்னவங்க பேரும்தான் ஜனங்க வாயில வருது. கண்டுபிடிச்சவங்க பேரைக் கேட்டுப் பாரு, எத்தனை பேருக்குத் தெரியுது?

மேசைவிளக்கு:
ரைட்டர் ஐயா, படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. இதையெல்லாம் தனியா எழுதி வைங்க.

டீக்கடை பெஞ்சு:
நான் தனியார் ஏஜென்சியில களப்பணி பார்க்கிறவன். நிறுவனம் பேரும் ஊரும் வேண்டாம். கொலை, கொள்ளை எதுவும் எங்ககிட்ட வராது. வர்றதுல பெரும்பங்கு வரன் விசாரிப்பு. அடுத்து கணவன் மனைவி சந்தேகம், வேலைக்குச் சேர்றவங்களோட பின்னணி, கம்பெனிச் சரக்கு வெளிய போகுதான்னு பார்க்கிறது, ஓடிப்போன கடன்காரரைத் தேடுறது.

ஒரு நாள் வேலை எப்படின்னு சொல்றேன். காலையில ஆறு மணிக்கு முன்னாடி அந்த ஆள் வீட்டுத் தெருமுனைக்குப் போயிடணும். பைக்ல டேங்க் நிறைய பெட்ரோல். பையில வேற நிறத்துல ஒரு சட்டை, ஒரு தொப்பி, சில்லறை. டீ குடிச்சா உடனே காசு கொடுத்துடணும், அவர் கிளம்புற நேரத்துல பாக்கிச் சில்லறைக்கு நிக்க முடியாது. சிக்னல்ல அவருக்கு நேர் பின்னாடி நிக்கக் கூடாது, நடுவுல ஒரு வண்டி இருக்கணும். அவர் ஒரு கடைக்குள்ள போனா நாம கூடவே நுழையக் கூடாது, வெளிய வர்ற வழி எத்தனைன்னு முதல்ல பார்க்கணும். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே நடக்காது. அந்த "ஒண்ணுமே நடக்கல"ங்கிறதையும் மணி, நிமிஷத்தோட எழுதிக் கொடுக்கணும். அறிக்கையில "சந்தேகப்படும்படி இருந்தார்"னு எழுதினா எங்க மேலாளர் கிழிச்சுப் போட்டுடுவார். "10.40க்கு வங்கிக்குள் சென்றார், 11.15க்கு வெளியே வந்தார், கையில் பச்சை நிறக் கவர்", இவ்வளவுதான் எழுதணும். நினைச்சதை எழுதாத, பார்த்ததை எழுதுன்னு சொல்லிச் சொல்லியே பழக்குவாங்க.

பொண்ணுங்களை எடுப்பாங்களான்னு கேட்டீங்க. கட்டாயம் எடுப்பாங்க, தேவையும் அதிகம். அப்பார்ட்மென்ட் வாசல்ல நான் பத்து நிமிஷம் நின்னா வாட்ச்மேன் வந்து கேட்பார். எங்க ஏஜென்சியில இருக்கிற அக்கா ஒருத்தங்க வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன்னு பேச்சுக் கொடுத்து, அந்தக் குடும்பத்தைப் பத்தி அரை மணி நேரத்துல கேட்டுட்டு வந்துடுவாங்க.

ஆனா புகழ்? முகம் தெரிஞ்சுட்டா களத்துக்குப் போக முடியாது. பேட்டி கொடுக்கிறவங்க பெரும்பாலும் நிறுவனத்தோட முதலாளிங்க. தெருவுல நிக்கிறவங்க பேர் அறிக்கையில கூட வராது.

இன்னொண்ணு, மனசைத் தயார் பண்ணிக்கணும். ஒரு அப்பா தன் பொண்ணுக்குப் பார்த்த வரனை விசாரிக்கச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, விவாகரத்து நடந்ததை மறைச்சிருந்தாங்க. பத்திரிகை அடிச்சாச்சு. அறிக்கையைப் படிச்சதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது தப்பா இருக்க வாய்ப்பு இருக்கா தம்பி?" அந்த இடத்துல உறுதியாப் பதில் சொல்லணும்னா, நீங்க ஒவ்வொரு தகவலையும் ரெண்டு தனித்தனி ஆள்கிட்ட சரிபார்த்திருக்கணும்.

கருப்புக்கோட்டு:
சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கனவோடு வருகிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் தனியார் துப்பறிவாளருக்கென்று உரிமச் சட்டம் கிடையாது. 2007இல் ஒரு மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது, சட்டமாகவில்லை. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் காவலாளி நிறுவனங்களுக்கானது. ஆக, துப்பறிவாளர் என்று பலகை மாட்டலாம், ஆனால் அந்தப் பலகையால் எந்தக் கூடுதல் அதிகாரமும் வராது. சாதாரணக் குடிமகனுக்கு எது குற்றமோ அது உங்களுக்கும் குற்றம்.

போலீஸ் என்று சொல்லி விசாரித்தால் ஆள்மாறாட்டக் குற்றம். ஒரு பெண்ணின் மின்னஞ்சலையோ இணையப் பயன்பாட்டையோ ஒரு ஆண் கண்காணித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 78ஆவது பிரிவில் வரும். ஒருவர் யாரோடு எப்போது பேசினார் என்ற செல்போன் அழைப்பு விவரங்களைக் காசு கொடுத்து வாங்குவது மிகப் பெரிய ஆபத்து. 2018இல் மகாராஷ்டிரத்தில் தாணே போலீஸ் இப்படி ஒரு வழக்கில் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது.

கணவன், மனைவியின் அழைப்பு விவரங்களை அவர் சம்மதமின்றி எடுத்துவந்தால் அது அந்தரங்க உரிமையை மீறுவது, சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், தம்பதியர் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. துப்பறிவாளர் கொண்டுவரும் பொருள் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது இப்படி வழக்குக்கு வழக்கு மாறுகிறது. மின்னணுப் பதிவு என்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், உரிமச் சட்டம் இல்லாதது நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் பெரிய நஷ்டம். யார் நல்லவர், யார் மோசடிக்காரர் என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியே இல்லை.

தீவுத்தமிழன்:
நான் சிங்கப்பூரில் இருக்கேன். இங்க போலீஸ் கொடுக்கிற உரிமம் இல்லாம தனியார் புலனாய்வு செய்ய முடியாது. ஊர்லயும் அது வரணும்.

பழஞ்சுவடி:
"பேர் வாங்க முடியுமா" என்ற கேள்விக்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. வரலாற்றில் எனக்கு மனசை விட்டு அகலாத ஒருவர் ஜொனாதன் விச்சர். லண்டன் போலீசில் துப்பறியும் பிரிவு 1842இல் தொடங்கியது. விச்சர் அதன் ஆரம்பகால ஆட்களில் ஒருவர், தோட்டக்காரர் மகன். லண்டனில் அவர் பெயர் நன்றாகத் தெரியும்.

1860 ஜூன் கடைசியில் ரோடு என்ற கிராமத்துப் பெரிய வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இரவோடு இரவாகக் காணாமல் போய், கழுத்தறுபட்டுக் கழிப்பிடக் குழியில் கிடைத்தது. உள்ளூர் போலீஸ் தடுமாறிய பிறகு விச்சரை அனுப்பினார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? சலவைக்குப் போன துணிகளின் கணக்கைப் பார்த்தார். குழந்தையின் அக்கா, பதினாறு வயது கான்ஸ்டன்ஸிடம் மூன்று இரவு உடைகள் இருந்திருக்க வேண்டும். இருந்தவை இரண்டு. மூன்றாவது எங்கே?

அந்த ஒரு உடையை வைத்துக்கொண்டு அவர் அந்தப் பெண்ணைக் கைது செய்தார். உடை கடைசிவரை கிடைக்கவில்லை. மாஜிஸ்திரேட்டுகள் அவளை விட்டுவிட்டார்கள். கூலிக்காரன் மகன் கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைப் பற்றிப் பேசுவதா என்று பத்திரிகைகளும் கனவான்களும் அவரைக் கிழித்தார்கள். 1864இல் உடம்பு கெட்டு வேலையை விட்டார். மறு வருடமே, 1865இல், கான்ஸ்டன்ஸ் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்து, இருபது வருடம் சிறையில் இருந்துவிட்டு, ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் செவிலியராகி, 1944இல் நூறு வயதில் இறந்தார்.

விச்சர் சொன்னது சரி. அவர் பெயர் கெட்டது, அவர் சரியாகச் சொன்ன வழக்கில். துப்பறிவாளரின் புகழை உண்மை மட்டும் தீர்மானிப்பதில்லை, அவர் யாரைச் சுட்டுகிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இது நம் ஊரில் எப்படி நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

வைகறை:
பழஞ்சுவடி, மனசு கனத்துப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். பேர் வாங்க ஆசைப்படுறது தப்புன்னு எல்லாருமாச் சேர்ந்து அந்தப் பொண்ணுக்குப் புத்தி சொல்ற மாதிரி இருக்கு. ஒரு டாக்டரோ விளையாட்டு வீரரோ பேர் வாங்கணும்னு சொன்னா கைதட்டுறோம். விருதுநகர் பக்கத்துல இருந்தோ தூத்துக்குடியில இருந்தோ ஒரு பொண்ணு துப்பறிஞ்சு பேர் வாங்கணும்னு சொன்னா மட்டும் ஏன் அடக்கிவைக்கணும்? விச்சருக்குப் பேர் இருந்ததாலதான் லண்டன்ல இருந்து அவரைத் தேடி அனுப்பினாங்க.

பழஞ்சுவடி:
வைகறை சொல்வதை ஏற்கிறேன். ஆசை தப்பில்லை. அந்தப் புகழ் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கட்டும் என்கிறேன். விரல்ரேகையையே எடுங்கள். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது, உலகத்திலேயே அதுதான் முதல். அங்கே அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்று இரண்டு இந்திய அதிகாரிகள். விரல்ரேகைகளை 1024 சின்ன அலமாரி அறைகளில் பிரித்துவைத்துத் தேடும் கணக்கை வகுத்ததில் ஹக்கின் உழைப்பு பெரியது. அந்த முறைக்கு மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் வைக்கப்பட்டது. 1901இல் லண்டன் போலீசும் அதை எடுத்துக்கொண்டது. இவர்களுக்குக் கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. ஆனால் உலகம் இன்றுவரை ஹென்றி முறை என்றுதான் சொல்கிறது.

அந்தக் காலத்து வழக்கு ஒன்று. ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் பெட்டியில் கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் மேல் பழுப்பாக ஒரு கறை. அது பழைய வேலைக்காரன் ஒருவனின் வலது கட்டைவிரல் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் அதை வைத்துத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. அவன் அந்தப் பெட்டியைத் தொட்டான் என்பதைத்தானே ரேகை சொல்கிறது? எனக்கு மிகப் பிடித்த தீர்ப்பு இது.

கரிசல்மழை:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். சலவைக் கணக்கும் பஞ்சாங்கக் கறையும் மண்டைக்குள்ளேயே சுத்துது. டீக்கடை அண்ணா சொன்ன வேலை எனக்கு ஒத்துவராதுன்னு தோணுது. பின்தொடர்றதுல எனக்கு ஆர்வம் இல்ல, பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறதுலதான். என் வேதியியல் படிப்பு இதுல எங்கயாவது உதவுமா?

குடுவை:
இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தங்கச்சி! நான் தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். உங்கள் படிப்பு அப்படியே உதவும்.

இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் நம் சென்னையில்தான் வந்தது, 1849இல். அன்றைய முக்கிய வேலை விஷம் கண்டுபிடிப்பது. இன்றும் அந்த வேலை குறையவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்ததும் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை உப்புக் கரைசலில் போட்டு பாட்டிலில் அனுப்புவார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது முத்திரை. மாதிரி முத்திரையோடு பாட்டில் முத்திரை ஒத்துப்போகிறதா? பிறகுதான் திறப்போம். கிராமத்துக் கேஸ் என்றால் பூச்சிக்கொல்லிதான் அதிகம் வரும், சிலதை வாசனையிலேயே ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை அறிக்கையில் எழுத முடியாது, சோதனை சொன்னதைத்தான் எழுத வேண்டும்.

லஞ்ச ஒழிப்புக் கேஸ்களை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள், "ரசாயனம் தடவிய நோட்டு" என்று. அது பினாப்தலின் பொடி. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அமில-காரத் தரம்பார்த்தலுக்குச் சொட்டு விடுவீர்களே, அதேதான். நோட்டை வாங்கினவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். தண்ணீர் மாதிரி இருந்தது இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் கரைசல் பாட்டிலும் முத்திரையோடு எங்களிடம் வரும். "நான் வாங்கவே இல்லை" என்று அவர் சொல்லும்போது, நீங்கள் முதல் வருடம் படித்த ஒரு சோதனை அவருக்கு எதிராகப் பேசும். எனக்கு இதில் கிடைத்த நிறைவு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

சாட்சிக் கூண்டிலும் ஏற வேண்டிவரும். அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லப் பழக வேண்டும். மேடை என்று ஒன்று வேண்டுமென்றால் அதுதான் நம் மேடை.

ரிட்டயர்டு ரைட்டர்:
குடுவை அம்மா சொன்னது அத்தனையும் சத்தியம். ஆய்வக அறிக்கை நல்லா வந்தா ஸ்டேஷன்ல எங்களுக்குப் பாதி பாரம் இறங்கிரும். பாப்பா, சீருடையும் வேணும், இந்த வேலையும் வேணும்னா ஒரு வழி இருக்கு. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் விரல்ரேகைப் பிரிவுக்குன்னு தனியா எஸ்.ஐ. எடுத்திருக்கு. தினமும் வராது, அறிவிப்பு வர்றப்ப வயசு, படிப்புத் தகுதி எல்லாம் ஒருதரம் பார்த்துக்க. எஸ்.ஐ.க்கு ஓட்டம், உயரம் எல்லாம் உண்டு, இப்பவே காலையில ஓட ஆரம்பி.

கரிசல்மழை:
அக்கா, எம்.எஸ்சி. தடயவியல் படிக்கணுமா, இல்ல எம்.எஸ்சி. வேதியியலே போதுமா? வெளி மாநிலம்னா அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல.

குடுவை:
ரெண்டு வழியிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் வேதியியல் முதுநிலை முடித்தவர்கள் நிறைய. பகுப்பாய்வு வேதியியலில் கை தேறியிருக்க வேண்டும், முக்கியமாக வண்ணப்பிரிகையும் (குரோமட்டோகிராபி) நிறமாலையியலும் (ஸ்பெக்ட்ராஸ்கோபி). தடயவியல்தான் படிப்பேன் என்றால் காந்திநகரில் தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. சேருவதற்கு முன் அங்கே ஆய்வகத்தில் என்னென்ன கருவிகள் ஓடுகின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். கருவி பூட்டிக் கிடந்தால் அந்தப் படிப்பு வேண்டாம்.

அப்பாவிடம் ஆய்வக வேலை, அரசுப் பணி என்று சொல்லிப் பாருங்கள், காது கொடுத்துக் கேட்பார். இந்த வருடச் செய்முறைப் பதிவேட்டை மட்டும் யார் படித்தாலும் புரியும்படி, அளவு, நேரம், நிறம் எல்லாம் விடாமல் எழுதப் பழகுங்கள். தேர்வு முடிந்ததும் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள், எந்தப் பாடத்தில் இருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

கரிசல்மழை:
கண்டிப்பா அனுப்புறேன் அக்கா. அடுத்த வாரம் தரம்பார்த்தல் செய்முறைத் தேர்வு இருக்கு.